பூட்டிய அறை: மிஷனரி வரலாறுகளும் டோரதி கேரியும்

1781இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் பகுதியில், பிடிங்டன் என்ற சின்னக் கிராமத்துக் கோயிலில் ஒரு செருப்புத் தொழிலாளிக்குக் கல்யாணம் நடந்தது. பதிவேட்டில் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். பெண்ணுக்கு எழுதத் தெரியாது, சிலுவைக் குறி போட்டார். மாப்பிள்ளை வில்லியம் கேரி. பெண் டோரதி பிளாக்கெட். பின்னாளில் வங்காளத்தில் உட்கார்ந்துகொண்டு இந்திய மொழிகள் பலவற்றில் பைபிளை அச்சேற்றிய கேரியின் கடிதங்கள், நாட்குறிப்புகள், இலக்கண நூல்கள் எல்லாம் நமக்குக் கிடைக்கின்றன. டோரதியைப் பற்றி நமக்குத் தெரிவது ஏறக்குறைய எல்லாமே மற்றவர்கள் எழுதி வைத்ததுதான். அவருடைய பிரதி என்று சொல்லிக்கொள்ள அந்தக் குறி ஒன்று இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் சொன்ன 'மாட்டேன்'.

சின்ன வயதில் எனக்குச் சொல்லப்பட்ட கேரி கதையில் இந்த 'மாட்டேன்' ஒரு வில்லத்தனமாக வரும். மகான் கிளம்புகிறார், மனைவி மறிக்கிறாள். கேரி 'அவர்', டோரதி 'அவள்'. (இந்தக் கட்டுரையில் இருவருமே அவர்தான்.) கதை சொன்னவர்களைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அவர்களுக்கும் மேலே இருந்து வந்த சரக்குதான் அது. 1885இல் ஜார்ஜ் ஸ்மித் எழுதிய பெரிய வாழ்க்கை வரலாறு, எந்தப் போதகருக்கும் எந்த அறிஞருக்கும் இவ்வளவு ஒத்துப்போகாத துணை அமைந்ததில்லை என்று தீர்ப்பே எழுதிவிடுகிறது. மிஷனரி வரலாறு என்கிற இலக்கிய வகைமைக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: நாயகனுக்குத் தடைகள் வேண்டும். புயல், காய்ச்சல், கம்பெனி அரசாங்கம், மனைவி. இந்த வரிசையில் மனைவி ஒரு இயற்கைச் சீற்றம்.

அந்த மறுப்பு எந்தச் சூழலில் வந்தது என்று பார்ப்போம். 1793இன் தொடக்கம். பிரான்சுடன் போர் மூண்டுவிட்டது, கடல் பாதுகாப்பில்லை. டோரதிக்கு மூன்று பையன்கள்: ஃபெலிக்ஸ், வில்லியம், பீட்டர். இரண்டு பெண் குழந்தைகளை ஏற்கெனவே மண்ணில் வைத்தாயிற்று. வயிற்றில் இன்னொன்று. கணவர் வந்து, வங்காளம் போகிறோம், திரும்பி வருவது சந்தேகம் என்கிறார். வரமாட்டேன் என்கிறார் டோரதி. நியாயமான பதில். கேரி மூத்த பையனை மட்டும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். கம்பெனியின் அனுமதிச் சீட்டு இல்லாததால் அந்தக் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டார். இதற்குள் ஜேபெஸ் பிறந்திருந்தான். கேரியும் கூட்டாளி ஜான் தாமஸும் பிடிங்டனுக்கு வந்து கூப்பிட்டார்கள். மறுபடியும் மாட்டேன். வெளியே வந்தபின் தாமஸ் மட்டும் திரும்பிப் போய், இப்போது வராவிட்டால் உயிருள்ளவரை வருந்துவாய், குடும்பம் ஒன்றுசேராமலே போய்விடும் என்று சொல்லிப் பணியவைத்தார். டோரதி ஒரு நிபந்தனை வைத்தார்: தங்கை கிட்டியும் கூட வரவேண்டும். சில வாரக் குழந்தையோடு, அவசரமாக மூட்டை கட்டி, ஜூன் 13 அன்று டேனிஷ் கப்பலில் புறப்பட்டார். இதைச் சம்மதம் என்று எழுதுகிறார்கள். பயமுறுத்தி வாங்கியதற்கு வேறு பெயர் உண்டு.

நவம்பரில் கல்கத்தா. வந்த சில மாதங்களில் கையிலிருந்த காசு தீர்ந்தது. டோரதிக்கும் ஃபெலிக்ஸுக்கும் சீதபேதி. 1794 ஜனவரியில் கேரி தன் நாட்குறிப்பில் மனைவியையும் அவர் தங்கையையும் பற்றிக் குறைப்பட்டுக்கொள்கிறார். மிஷனின் மகத்துவம் அவர்களுக்குப் புரியவில்லையாம், எப்போது பார்த்தாலும் புலம்பலாம். எதற்காக? அத்தியாவசியம் என்று அவர்கள் சொல்லிக்கொள்கிற பொருள்கள் கிடைக்கவில்லை என்று, முக்கியமாக ரொட்டி. இந்த 'அவர்கள் சொல்லிக்கொள்கிற' என்ற தொனியை நாம் நின்று கவனிக்க வேண்டும். நான்கு பிள்ளைகளுக்குச் சோறு போடவேண்டிய பெண்ணுக்கு ரொட்டி ஏன் அத்தியாவசியம் என்று விளக்கவேண்டியிருக்கிறது. மிஷன் ஏன் அத்தியாவசியம் என்று யாரும் கேட்பதில்லை. சொல்லாடல், அதிகாரம் என்றெல்லாம் நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அது இங்கே ஒரு ரொட்டித் துண்டுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

அப்புறம் சுந்தரவனக் காடு, தேபட்டா. அங்கே கம்பெனியின் உப்பு அதிகாரி சார்ல்ஸ் ஷார்ட் இவர்களுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தார். கிட்டி அவரையே மணந்துகொண்டு அங்கே தங்கிவிட்டார். கேரிக்கு வடக்கே மால்டா பக்கம் முட்னாபாட்டியில் ஒரு அவுரித் தொழிற்சாலையை நடத்தும் வேலை கிடைத்தது. டோரதி எந்த நிபந்தனையின் பேரில் கப்பலேறினாரோ அந்த நிபந்தனை ஓராண்டுக்குள் காலாவதி. வரலாறுகளில் இது ஒரு நல்ல கல்யாணச் செய்தி, அவ்வளவுதான்.

1794 அக்டோபரில் ஐந்து வயது பீட்டர் வயிற்றுப்போக்கில் இறந்தான். சாதிக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து பிணத்தைத் தொடவோ குழி வெட்டவோ ஆள் வரவில்லை. கடைசியில் சில முஸ்லிம்கள் குழி தோண்டினார்கள். அதற்காக ஊர்த் தலைவர் அவர்களோடு யாரும் உண்ணக்கூடாது என்று விலக்கிவைத்தார். சாதி ஒரு அந்நியக் குழந்தையின் சவக்குழி வரைக்கும் எப்படி வந்து நிற்கிறது என்று காட்ட, கேரியைப் பற்றி எழுதுகிற எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். நானும் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த நேரத்தில் டோரதி எங்கே உட்கார்ந்திருந்தார் என்று எவரும் பார்ப்பதில்லை.

1795இல் டோரதியின் மனம் பிசகியது. கணவர் வேறு பெண்களிடம் போகிறார் என்று நம்ப ஆரம்பித்தார். தெருவில் பின்தொடர்ந்து சென்று திட்டினார். இங்கே எனக்கே ஒரு சபலம் வந்தது. கணவரின் பகலும் இரவும் மொழிபெயர்ப்புக்குப் போய்விட்டன, 'வேறு பெண்' என்பது மிஷனுக்கான குறியீடு என்று வாசித்தால் கட்டுரை ஜோராக வரும். ஃபூக்கோவைத் துணைக்கு இழுத்தால் இன்னும் ஜோர். அது அயோக்கியத்தனம் என்று தோன்றி விட்டுவிட்டேன். ஒரு மனுஷி பன்னிரண்டு வருஷம் அனுபவித்த நரகம் நம்முடைய உருவகத்துக்குக் கச்சாப்பொருள் அல்ல. நோய் நோய்தான். அது கேரியையும் வதைத்தது. டோரதியை எங்கும் அனுப்பிவிடாமல் கடைசிவரை அவர் வீட்டிலேயே வைத்துக்கொண்டார் என்பதையும் மறைக்கக்கூடாது. என் கேள்வி நோயைப் பற்றியதல்ல, அதைக் கணவரின் பொறுமைக்கு உரைகல்லாக மட்டும் மாற்றிவிட்ட எழுத்தைப் பற்றியது. 1796இல் ஜொனாதன் பிறக்கிறான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நோய் கண்டபின் உண்டான கர்ப்பம். பிறப்புத் தேதியைக் குறித்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள்.

1800 ஜனவரியில் குடும்பம் டேனியர் வசமிருந்த செராம்பூருக்கு வந்தது. ஜோஷுவா மார்ஷ்மன், ஹன்னா மார்ஷ்மன், வில்லியம் வார்டு எல்லாரும் சேர்ந்து ஒரே பந்தி, ஒரே பணப்பை. தனிச்சொத்து கிடையாது. கிட்டத்தட்ட ஒரு கம்யூன். நம்மில் பலருக்கு இந்த ஏற்பாட்டின் மேல் ஒரு கவர்ச்சி வரும், எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பந்தியில் சோறு எப்படி வந்தது? மார்ஷ்மன் தம்பதி நடத்திய விடுதிப் பள்ளியின் வருமானம் பொதுப் பையின் முக்கியத் தூண்களில் ஒன்று. அதில் ஹன்னாவின் உழைப்பு சரிபாதி. போதாததற்குக் கேரியின் பையன்கள் கவனிப்பாரில்லாமல், சொல்பேச்சுக் கேளாமல் வளர்ந்து நின்றதைப் பார்த்து அவர்களையும் ஹன்னாவே எடுத்து வளர்த்தார். ஒரு பெண்ணின் சரிவால் விழுந்த பள்ளத்தை இன்னொரு பெண்ணின் உபரி உழைப்பு நிரப்பியது. மொழிபெயர்ப்பு தடையில்லாமல் நடந்தது.

அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று கிருஷ்ண பால் என்ற தச்சருக்கும் கேரியின் மகன் ஃபெலிக்ஸுக்கும் ஆற்றில் ஞானஸ்நானம். ஏழு வருஷத்தில் முதல் அறுவடை. பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலம் போகிறது. பாதையின் ஒரு பக்கம் ஜான் தாமஸ், அவருக்கும் அன்று புத்தி பேதலித்திருந்தது, கத்திக்கொண்டு கிடக்கிறார். எதிர்ப்பக்கம் பூட்டிய அறையிலிருந்து டோரதியின் அலறல். மகன் ஞானஸ்நானம் பெறும் நாளில் தாய் பூட்டுக்குள். இதை வரலாறுகள் ஒளிக்கவில்லை, விவரமாகவே எழுதுகின்றன. எதற்கு? பாட்டின் வலிமையைக் காட்டுவதற்கு. அலறல் அங்கே பின்னணி இசை.

1801இல் கேரி 'கதோபகதன்' என்ற உரையாடல் நூலை வெளியிட்டார். ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் வங்காளி கற்கும் வெள்ளைக்கார இளைஞர்களுக்கான பாடநூல். வங்காளிப் பேச்சுமொழி அச்சில் ஏறிய மிக முந்தைய இடங்களில் ஒன்று. பிச்சைக்காரர் பேச்சு, மீனவர் பேச்சு, சந்தைப் பேச்சு எல்லாம் அதில் உண்டு. பெண்கள் தங்களுக்குள் போடும் சண்டைக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. வசவுகள் சகிதம். பண்டிதர்கள் தொகுத்துக் கொடுத்திருக்கலாம், இருந்தாலும் நூலுக்குள் அதைச் சேர்த்தது கேரியின் காது. எனக்கு அந்த மனிதர் மேல் உண்மையான மரியாதை வருவது இந்த இடத்தில்தான். கீழ்த்தட்டுப் பெண்களின் வாயிலிருந்து வருவதும் மொழிதான் என்று கண்டுகொண்ட முன்னாள் செருப்புத் தொழிலாளி. அடுத்த அறையிலிருந்து வந்தது மட்டும் அவருக்கு மொழியாகக் கேட்கவில்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவே அவர் மொழிபெயர்த்துக்கொண்டிருந்ததை வியந்து எழுதியவர் ஜோஷுவா மார்ஷ்மனின் மகன் ஜான் கிளார்க் மார்ஷ்மன்.

1799இல் உடன்கட்டை ஒன்றை நேரில் பார்த்துத் தடுக்க முயன்றவர் கேரி. முப்பதாண்டு விடாமல் எதிர்த்தவர். 1829 டிசம்பரில் தடைச் சட்டத்தை வங்காளியில் பெயர்த்தவரும் அவரே. இதையும் டோரதியையும் எதிரெதிரே வைத்து 'இரட்டை வேடம்' என்று முடிக்கிற விமர்சனம் சுலபமானது. காலனிய விமர்சனம் என்ற பெயரில் இங்கே நடப்பது பெரும்பாலும் அதுதான். மிஷனரியை ஏகாதிபத்தியத்தின் கைக்கூலி என்பார்கள், அல்லது உரைநடை தந்த வள்ளல் என்பார்கள். இரண்டு கட்சியும் அச்சுக்கூடம்வரைக்கும் போகிறது, அடுப்படிக்குள் காலெடுத்து வைப்பதில்லை. டோரதிக்கென்று ஒரு முழுப் புத்தகம் வர 1992 ஆகிவிட்டது, ஜேம்ஸ் பெக் எழுதியது. நம்மூர்க் கால்டுவெல் விஷயத்திலும், நாகர்கோவில் மிஷனரி மால்ட்டின் மகள் எலைசாவைப் பற்றி, இடையன்குடியில் அவர் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலைப் பற்றி நம் ஒப்பிலக்கண ஆராய்ச்சியாளர்கள் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறார்கள்?

சில வருஷங்களுக்கு முன் ஒரு தோழரின் நினைவுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வீட்டை மறந்து உழைத்தவர் என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். துணைவியார் முன்வரிசையில் இருந்தார். கடைசியில் ஒரு சால்வை போட்டார்கள். அவரைப் பேசச் சொல்லவில்லை. பேசச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ என்ற பயம் மேடையில் இருந்தவர்களுக்கு இருந்ததாக எனக்குப் பட்டது. நானும் அன்று பேசியவர்களில் ஒருவன்.

டோரதி 1807 டிசம்பர் 8 அன்று இறந்தார். அடுத்த மே மாதம் கேரி, டேனிஷ் பெண் ஷார்லட் ரூமோரை மணந்தார். படித்தவர், பல மொழி தெரிந்தவர், மொழிபெயர்ப்பில் உதவியவர். வரலாறுகளின் நடையே இங்கே இளகிவிடுகிறது, கடைசியில் மகானுக்கேற்ற துணை வந்ததாம். அம்மா இறந்தபோது ஜொனாதனுக்குப் பதினோரு வயது. நோயில்லாத அம்மாவை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை.