படத்தில் இல்லாத செலவு

சிவகாசியில் பொதிகை ஏறினால் இறங்குற இடம் எழும்பூர். அந்த நிலையத்தின் மறுசீரமைப்புக்கு 2022 மே 26-இல் அடிக்கல் நாட்டினாங்க; மதிப்பீடு சுமார் 735 கோடி ரூபாய். ஓடுற தண்டவாளங்களுக்கு மேலேயே பயணிகள் கூடம் வருது. வரைபடத்தில் கூரை பளபளன்னு இருக்கு. ஆனா சிக்கல் கூரையில் இல்லை, நேரத்தில். தண்டவாளத்துக்கு மேல 25,000 வோல்ட் மின்கம்பி. அங்கே ஒரு இரும்பு உத்தரம் ஏத்தணும்னா மின்சாரத்தை நிறுத்தணும், லைன் பிளாக்கும் வாங்கணும். இந்த வேலைக்காகச் சில ரயில்கள் தற்காலிகமாகத் தாம்பரத்தோடு நின்றன. மூட்டையோட மின்சார ரயிலுக்கு மாறுற அலைச்சல் எந்த மதிப்பீட்டிலும் ஏறலை. என் விமர்சனம் இதுதான்: கோடிக்கணக்கைச் சொன்ன அன்றைக்கே, பாதை எத்தனை மணி நேரம் அடைபடும்னும் சொல்லியிருக்கணும்.