முற்றம் மூடிய வீடுகள்

புதுச்சேரியின் பாரம்பரிய விடுதிகளைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் அறையின் அழகோடு நின்றுவிடுகிறது. தேக்குக் கட்டில், மஞ்சள் பூச்சு, சட்டமிட்ட பழைய நிலப்படம். இவற்றைக் காசு கொடுத்து எந்த ஊரிலும் மாட்டிவைக்கலாம். ஒரு வீடு எந்த முறைமையில் கட்டப்பட்டதோ, விடுதியான பிறகும் அந்த முறைமை அங்கே இயங்குகிறதா என்பதே என் அளவுகோல்.

முதலில் இவ்விடுதிகளுக்குச் சேர வேண்டிய நியாயம். 2014 நவம்பரில் கடற்கரைச் சாலையில் ‘மேரி’ எனப்படும் பழைய நகராட்சிக் கட்டடம் மழையில் இடிந்து விழுந்தது. அரசின் கையிலிருந்த கட்டடத்துக்கே அந்தக் கதி. பாகப்பிரிவினையில் சிக்கிய தனியார் வீடுகள் எத்தனையோ அடுக்குமாடிகளாகிவிட்டன. வாடகை வருமானம் இல்லையென்றால், இன்று நாம் குறை சொல்லும் வீடுகளில் பல குறை சொல்லவும் எஞ்சியிருக்காது.

ஆனால் காப்பாற்றியதை எப்படி விளக்குகிறார்கள் என்பதில் தடுமாற்றம் தொடங்குகிறது. ஏறக்குறைய எல்லா விளம்பரத்திலும் ‘பிரெஞ்சு மாளிகை’ என்ற ஒரே சொல். 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தகர்த்தனர்; 1765 முதல் அது திரும்பக் கட்டப்பட்டது. உயர்ந்த மதில், தூண் வரிசை, வளைவு ஆகியவற்றின் வடிவம் பிரெஞ்சு, கட்டுமானமோ இம்மண்ணுக்குரியது. கூரை, மர உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். சாந்து, நம் கொத்தனார்கள் அரைத்த சுண்ணாம்பு. வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, கீழ்த்தளம் திண்ணையும் முற்றமுமாக, மேல்தளம் வளைவுச் சன்னல்களாகக் கலந்து நிற்கும் வீடுகள் பல. இந்தக் கலப்புதான் நகரத்தின் உண்மையான சாதனை. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது அந்த மேற்குப் பகுதியின் வைசியாள் வீதிப் புனரமைப்புக்குக் கிடைத்தது என்பதை விளம்பரம் எழுதுவோர் நினைவில் கொள்ளலாம்.

நான் தங்கியவற்றில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். கிழக்கே, வெள்ளையர் பகுதியில் இருந்த விடுதி தோற்றத்தில் குறையற்றது, முறைமையில் பலவீனமானது. பதினைந்தடி உயரக் கூரை வெக்கை மேலே செல்வதற்காக அமைந்தது. அதன் பாதியைப் பொய்க்கூரையால் மறைத்து, குளிர்சாதனத்துக்காகச் சாய்பலகைச் சன்னல்களை ஆணியடித்திருந்தார்கள். கட்டிலுக்குப் பின்னே, கணுக்கால் உயரத்திலிருந்து முழங்கால் வரை பெயின்ட் கொப்புளித்திருந்தது. விரல் வைத்ததும் பொருக்கு உதிர்ந்து, அடியில் வெள்ளை உப்பு. கடலோர மண்ணின் ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். பிளாஸ்டிக் பெயின்ட் உள்ளேயே அடைத்துவிடும். ஆண்டுதோறும் மேலே இன்னொரு பூச்சு அடிப்பது நோயை வளர்க்கும் வைத்தியம். பொருளின் இயல்பு தெரியாமல் செய்த புதுப்பிப்பு எவ்வளவு செலவு பிடித்தாலும் ஒப்பனைதான்.

மேற்கே, தமிழர் பகுதியில் தங்கிய வீடு அளவில் எளியது, சிந்தனையில் தெளிவானது. முற்றத்துக்குக் கண்ணாடி போடவில்லை. மழை பெய்தால் தண்ணீர் முற்றத்தில் விழுந்து பழைய தூம்பு வழியே ஓடியது. விருந்தினர் தாழ்வாரத்தை ஒட்டி நடந்தார்கள். பகல் இரண்டு மணிக்கும் மின்விசிறி இல்லாமல் அங்கே உட்கார முடிந்தது. இதே தெருப்பக்கம் முற்றத்தைப் பாலிகார்பனேட் தகட்டால் மூடிய விடுதிகளும் உண்டு. வெளிச்சம் வருகிறது, வெப்பம் வெளியேற வழியில்லை. வீட்டின் நுரையீரலை அடைத்துவிட்டு, அதன் அடியில் உருளி வைத்துப் பூ மிதக்கவிடுகிறார்கள். ஊஞ்சல், பித்தளைப் பாத்திரம் எல்லாம் இருந்தும் அவ்விடம் ஒரு கூடமாகவே எஞ்சுகிறது.

ஆகவே என் தீர்ப்பில் திறந்த முற்றமுள்ள வீடு மேலே, வெள்ளையர் பகுதி மாளிகை கீழே. பழைய பாணியில் புதிதாகக் கட்டிய விடுதிகளை இவற்றோடு வரிசைப்படுத்துவது முறையன்று. அவற்றில் சில நன்றாகக் கட்டப்பட்டவை. ஆனால் அவை எதையும் காப்பாற்றவில்லை.

மேலே வைத்த வீட்டையும் நான் முழுமையாக ஏற்கவில்லை. தெருவில் போகிறவர் கேட்காமலே உட்காரலாம் என்பதற்காகத்தான் திண்ணை வீட்டுக்கு வெளியே இருந்தது. அந்த விடுதி தன் திண்ணையில் வரிசையாகப் பூந்தொட்டிகளை வைத்து, குறுக்கே கயிறும் கட்டியிருக்கிறது. முற்றத்தில் வீட்டின் இலக்கணத்தை அவ்வளவு கவனமாகப் படித்தவர்கள் வாசலில் அதைத் தெரிந்தே மீறியிருக்கிறார்கள். வாடகை கொடுத்தவருக்கு மட்டும் திறக்கும் வீடாக அது இருக்கும்வரை, அதற்கு இரண்டாம் இடத்துக்கு மேல் தர எனக்கு மனம் வரவில்லை. முதல் இடத்தை இப்போதைக்குக் காலியாகவே வைத்திருக்கிறேன்.