பாதியாகக் குறைந்தது எது?

நண்பர் ஒருவர் போன மாதம் போனில் கேட்டார்: “பாப்பாவுக்கு தினமும் ராத்திரி ஆண்டிபயாட்டிக் சிரப் கொடுக்கச் சொல்லியிருக்காங்க. ரெண்டு வருஷமாம். கொடுக்கலைன்னா கிட்னி போயிடுமா?” மகளுக்கு ஒன்றரை வயது. காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்து, படமெடுத்துப் பார்த்ததில் ‘ரிஃப்ளக்ஸ்’ என்று தெரிந்திருக்கிறது.

ரிஃப்ளக்ஸ் என்றால் சிறுநீர் பின்னோக்கி ஏறுவது. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய், சிறுநீர்ப்பையின் சுவருக்குள் சாய்வாக நுழைகிறது. பை நிரம்பும்போது அந்தச் சுவரே குழாயை அழுத்தி மூடிவிடும். சுவருக்குள் ஓடும் பகுதி குட்டையாக இருந்தால் சரியாக மூடாது. பையில் கிருமி இருந்தால் சிறுநீரோடு அதுவும் மேலே போகும். வளர வளரப் பல குழந்தைகளுக்கு இது தானாகவே சரியாகிவிடுகிறது. அதுவரைக்கும் காவலுக்குத்தான் இந்த ராத்திரி மருந்து.

இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது அமெரிக்காவில் நடந்து, 2014-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ‘ரிவர்’ ஆய்வு. 607 குழந்தைகள், இரண்டு ஆண்டுகள். ஒரு பிரிவுக்கு ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபாமெத்தாக்ஸசோல், மற்ற பிரிவுக்கு மருந்தில்லாத போலி சிரப். கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுதான். என் சண்டை ஆய்வோடு இல்லை. ‘ஆபத்து பாதியாகக் குறைந்தது’ என்ற ஒரே வரியாக அதைச் சுருக்கிச் சொல்வதோடுதான்.

பாதியாகக் குறைந்தது எது? மறுபடி வரும் தொற்று. போலி சிரப் குடித்த 305 பேரில் 72 பேருக்கு வந்தது. மருந்து குடித்த 302 பேரில் 39 பேருக்கு. நூறு பேர் கணக்கில் சொன்னால், 24 பேருக்கு வந்திருக்க வேண்டியது 13 பேருக்கு வந்தது. பலன் கிடைத்தது 11 பேருக்கு. மீதி 89 பேரும் இரண்டு வருஷம் மருந்து குடித்தும் தொற்று விஷயத்தில் அவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை.

சரி, கிட்னி? சிறுநீரகத் தழும்பு மருந்துப் பிரிவில் 11.9 சதவீதம், போலிப் பிரிவில் 10.2. அதாவது வித்தியாசம் இல்லை. நண்பர் பயந்தது இதற்குத்தான். ‘பாதி’ என்ற சொல் பதில் சொல்வது வேறொரு கேள்விக்கு.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. மறுபடி ஈ.கோலை தொற்று வந்த குழந்தைகளில், அந்த மருந்துக்கே அடங்காத கிருமி இருந்தது மருந்துப் பிரிவில் 63 சதவீதம் பேருக்கு. போலிப் பிரிவில் 19.

இதை வைத்து ‘மருந்தே வீண்’ என்று எழுதினால் அதுவும் அவசரம். ஆய்வில் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பெண் குழந்தைகள். பெரும்பாலோருக்கு முதல் தொற்று, இரண்டாம் மூன்றாம் நிலை ரிஃப்ளக்ஸ். மிகத் தீவிரமான ஐந்தாம் நிலை சேர்க்கப்படவே இல்லை. அந்தக் குழந்தைகளைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது 2016-இல் வந்த ஒரு கட்டுரை. ரிவர் ஆய்வையும் அதன் துணை ஆய்வையும் சேர்ந்த 482 குழந்தைகளைப் பார்த்தார்கள். 35 பேருக்குப் புதிய தழும்பு. காய்ச்சல் தொடங்கி மருந்து கிடைக்க ஆன நேரத்தின் இடைநிலை அவர்களுக்கு 72 மணி. தழும்பு வராதவர்களுக்கு 48 மணி. இது நடந்ததைத் திரும்பிப் பார்த்த கணக்கு, காரணத்தை அறுதியிட்டு நிரூபிப்பதில்லை. ஆனாலும் போலி சிரப் குடித்தவர்களின் கிட்னி ஏன் மோசமாகவில்லை என்பதற்கு ஒரு விளக்கம் இதில் இருக்கலாம்: ஆய்வில் இருந்த எல்லாக் குழந்தைகளும் கண்காணிப்பில் இருந்தார்கள்.

நண்பரிடம் இவ்வளவும் சொல்லிவிட்டு, மருந்தை நீங்களாக நிறுத்திடாதீங்க என்றேன். தொற்றே பெரிய அவதிதான். அதைத் தவிர்ப்பது நியாயமான காரணம். டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனையாவது நிலை? மலச்சிக்கல் இருக்கா? (அதுவும் தொற்றைக் கூட்டும்.) ராத்திரி பதினோரு மணிக்குக் காய்ச்சல் வந்தா யூரின் டெஸ்ட் எங்கே எடுப்பது?

மூன்றாவது கேள்விக்கு அவர் ஊரில் இன்னும் பதில் கிடைக்கவில்லை.