உருளைக்கு அடியில் உள்ள இடைவெளி

வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில், ரமணாசிரமத்துக்கு எதிரே செங்கம் சாலையில் ஆட்டோ பிடித்துப் பெரியப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். அங்கே நாலு மணி நேரமும் என் கண் இயந்திரத்தின் முகப்பில் சுழலும் ரோலர் பம்பின் மேல்தான் இருக்கும். லாடம்போல் வளைந்த குழாயை இரண்டு உருளைகள் மாறி மாறி நசுக்கிக்கொண்டே போக, ரத்தம் முன்னே நகர்கிறது. ரத்தம் குழாயைத் தவிர பம்பின் எந்தப் பாகத்தையும் தொடுவதில்லை. 1934இல் மைக்கேல் டிபேக்கி ரத்தம் ஏற்றக் கையாண்ட பம்பும் இந்த வகைதான்.

திரையில் 300 என்று காட்டும், அதாவது நிமிடத்துக்கு 300 மில்லி. பெரும்பாலான இயந்திரங்களில் அது அளந்த எண் அல்ல. உருளையின் வேகத்தைக் குழாயின் கொள்ளளவால் பெருக்கிப் போட்டது. ஊசிக்கும் பம்புக்கும் நடுவே உறிஞ்சல் அதிகமானால், நசுங்கிய குழாய் முழு வட்டமாக நிமிராது. 8 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் 6 மி.மீ. உயரத்துக்குச் சப்பையாகிவிட்டால் கொள்ளளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். நாலு மணி நேரத்தில் 72 லிட்டர் சுத்தமாக வேண்டிய இடத்தில் 7 லிட்டர் குறையும். திரையோ 300 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

இத்தகைய பம்பில் ரத்தம் ஓடுவதைக் கணக்கிட்டுக் காட்டும் கணினிப் பாவனையை நான் எடைபோடுவது இந்த 7 லிட்டரை வைத்துத்தான்.

அலையலையாக நசுங்கும் குழாயில் திரவம் நகர்வது பற்றி ஷாபிரோ, ஜாஃப்ரின், வைன்பெர்க் மூவரும் 1969இல் வெளியிட்ட கோட்பாடு அழகானது. சுவர் அலை நீளமானது, திரவத்தின் நிலைமம் பொருட்டல்ல என்று எடுத்துக்கொண்டால் விடை காகிதத்திலேயே கிடைத்துவிடும். சிறுநீர்க்குழாய்க்கு அது பொருந்தும். அதே அனுமானங்களை வைத்துக்கொண்டு, திரவத்தின் மாதிரியை மட்டும் மாற்றி மாற்றி நம் பல்கலைக்கழகங்களில் எத்தனையோ கட்டுரைகள் வந்திருக்கின்றன. முடிவுரையில் ரத்த பம்புக்கும் பயன்படும் என்று எழுதுகிறார்கள். பயன்படாது. பெரியப்பாவின் குழாயில் ரெனால்ட்ஸ் எண் 240 வாக்கில் வரும், அதாவது நிலைமத்தை ஒதுக்க முடியாது. உருளை குழாயை அழுத்தும் நீளமோ குழாயின் விட்டத்தைவிட அதிகமில்லை, எனவே அலை நீளமானதும் அல்ல. அதைவிடப் பெரிய குறை, சுவரின் வடிவத்தை முன்கூட்டியே விதித்துவிடுவது. குழாய் நிமிர்ந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. அதை விடையாகக் கொடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால் என்ன தெரியவரும்?

சார்ல்ஸ் பெஸ்கின் 1972இல் இதய வால்வுகளுக்காக வகுத்த முறை வேறு தடத்தில் போனது. சுவர் திரவத்தைத் தள்ளுகிறது, திரவம் சுவரைத் தள்ளுகிறது. இரண்டையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். இந்த வழியில் வந்த பாவனைகள், குழாயின் விறைப்பைச் சோதனையில் அளந்து கொடுத்தால், உறிஞ்சும் பக்கத்தில் குழாய் எவ்வளவு சப்பையாகும் என்பதைச் சொல்லக்கூடியவை. அந்த இடத்தில் நான் அவற்றை ஏற்கிறேன்.

உருளைக்கு நேர் அடியில் ஏற்கமாட்டேன். குழாய் முழுக்க மூடும்போது கணக்கு வலையின் கட்டங்களுக்கு இடமே இல்லாமல் போகும். அதனால் பலர் ஒரு சிறு இடைவெளியைத் தாங்களாகவே விட்டுவைக்கிறார்கள். அந்த இடைவெளியைப் பாதியாக்கினால் பின்கசிவு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும், உராய்வழுத்தமும் மாறும். சிவப்பணு சிதைவை மதிப்பிடப் பலரும் எடுத்தாளும் கியர்சீபன் 1990 சூத்திரத்தில் உராய்வழுத்தத்தின் அடுக்கு 2.416. உராய்வழுத்தம் 20 சதவீதம் கூடினால் சிதைவு 55 சதவீதம் கூடும். பாவனையின் வண்ணப்படத்தில் உருளைக்கு அடியில் சிவப்பாகத் தெரியும் புள்ளியில் பேசுவது நிரலை எழுதியவரின் தேர்வு. இரண்டு குழாய்களை ஒப்பிட்டு எது மேல் என்று சொல்லலாம். இத்தனை அணு சிதையும் என்று எண் சொல்லக் கூடாது.

ஆகவே என் தீர்ப்பு: திரையில் காட்டும் ஓட்டத்தைத் திருத்த, சுவரையும் திரவத்தையும் சேர்த்துத் தீர்க்கும் பாவனை தகுதியானது, உடனே பயன்படுத்த வேண்டியது. ரத்தத்துக்கு ஏற்படும் சேதத்தைச் சான்றளிக்க இதற்குத் தகுதி இல்லை. அதற்கு ரத்தத்தையே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பாவனை அறிக்கை எதுவானாலும், விட்டுவைத்த இடைவெளி எத்தனை மைக்ரான் என்று முதல் பக்கத்திலேயே போட வேண்டும்.