ஏழு நாட்டுக் கடவுச்சீட்டு

தென்கொரியாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகும் வெளிநாட்டவருக்கு ஈ-2 விசா வேண்டும். அதற்குக் கொடுக்கவேண்டிய காகிதக் கட்டு கொஞ்சம் கனமானது. ஏதாவதொரு பாடத்தில் இளங்கலைப் பட்டம், அந்தச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை, சொந்த நாட்டுக் காவல்துறை தந்த குற்றப் பின்னணிச் சான்று, அதற்கும் ஒரு அப்போஸ்டில், உடல்நலம் பற்றிய உறுதிமொழி, வேலை தருபவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம். ஆனால் இத்தனைக்கும் முன்னால் கடவுச்சீட்டு நிற்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாடுகளில் ஒன்றின் குடிமகனாக இருந்தால்தான் மற்றக் காகிதங்களை யாரும் புரட்டிப் பார்ப்பார்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆங்கில ஆசிரியர்களை வெளியிலிருந்து அழைக்கும் நாடுகள் எத்தனையோ இருக்கக் கொரியாவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே இந்த விதிகள் எந்தப் பதற்றத்தில் பிறந்தன என்பதை மாதம் சொல்லிக் காட்டிவிடலாம். 2007ஆம் ஆண்டுக் கோடையில் போலிப் பட்ட விவகாரம் அந்நாட்டை உலுக்கியது. டோங்குக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஷின் ஜியோங்-ஆ என்பவரின் யேல் முனைவர் பட்டம் பொய் என்று வெளிவந்தது. தொடர்ந்து பிரபலங்கள் பலரின் பட்டங்கள் சாயம் வெளுத்தன. அந்த அலை ஓய்வதற்குள், அக்டோபரில், சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கிய படங்கள் தொடர்பாக இண்டர்போல் தேடிய ஒரு கனடாக்காரர் தாய்லாந்தில் பிடிபட்டார். தேடுதல் அறிவிப்பு வெளியானபோது அவர் கொரியாவின் குவாங்ஜு நகரில் ஆங்கில ஆசிரியராக இருந்தார். டிசம்பரில் புதிய விதிகள் அமலுக்கு வந்துவிட்டன. குற்றப் பின்னணிச் சான்று, போதைப்பொருள் சோதனை, எச்ஐவி சோதனை மூன்றும் அப்போது சேர்ந்தவை.

இவற்றில் குற்றப் பின்னணிச் சான்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழந்தைகளோடு நாள் முழுக்க ஓர் அறையில் இருக்கப்போகிறவரின் பழைய கணக்கைக் கேட்பது எந்தப் பெற்றோருக்கும் உள்ள உரிமை. கேட்காமல் விட்டதற்கு வில்லியம் வேஹியைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. 1969இல் கலிபோர்னியாவில் சிறுவர்கள்மீதான பாலியல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் அவர். அதற்குப் பிறகு 40 ஆண்டுகளுக்கு மேல் ஈரான், ஸ்பெயின், இந்தோனேசியா, பிரிட்டன், நிகராகுவா என்று நாடு நாடாகச் சர்வதேசப் பள்ளிகளில் வேலை பார்த்தார். 2014இல்தான் உண்மை வெளிப்பட்டது. தண்டனை பதிவேட்டில் இருந்தது. அதைத் தேடிப் பார்க்கத்தான் ஆளில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கொரியா விதியை மாற்றக் காரணமான அந்தக் கனடாக்காரர்மீது அதற்கு முன் தண்டனை எதுவும் கிடையாது. புதிய விதி ஓராண்டு முன்னதாகவே வந்திருந்தாலும் அவர் சுத்தமான சான்றோடு விமானம் ஏறியிருப்பார். பிடிபட்டவர்களின் பட்டியலைத்தான் காவல்துறைச் சான்று காட்டும். அதிலும் பெரும்பாலும் ஒரு நாட்டின் பட்டியலை. ஊர் ஊராக மாறிக்கொண்டேயிருக்கும் இந்தத் தொழிலில், ஒருவர் கடைசியாக வேலை பார்த்த பள்ளியைக் கூப்பிட்டு, ‘இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?’ என்று கேட்பது பல நேரம் கூடுதல் தகவல் தரும். அது கட்டில் சேர்கிற காகிதம் அல்ல. தொலைபேசியில் பத்து நிமிடம். அதனால்தானோ என்னவோ, அதைச் செய்கிறவர்கள் குறைவு.

பட்டத்தின், முத்திரையின் கதையே வேறு. அப்போஸ்டில் என்பது 1961இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையின் பிள்ளை. அதற்கு முன் ஒரு நாட்டின் சான்றிதழ் இன்னொரு நாட்டில் செல்ல வேண்டுமானால் நோட்டரி, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று நாலு வாசல் ஏறி இறங்க வேண்டும். உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே தூதரக வாசல் இல்லாமல் போயிற்று. இந்தியாவுக்கு இது 2005 ஜூலையிலும் கொரியாவுக்கு 2007 ஜூலையிலும் நடைமுறைக்கு வந்தது. சீனாவுக்கு 2023 நவம்பரில், கனடாவுக்கு 2024 ஜனவரியில். தூதரக வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஐயமில்லாமல் இது ஒரு முன்னேற்றம்.

ஆனால் அந்த முத்திரை எதற்கு உத்தரவாதம்? கையெழுத்து உண்மையானது, கையெழுத்திட்டவர் அந்தப் பதவியில் இருந்தவர், சீல் அசலானது. இவ்வளவுதான். காகிதத்தில் எழுதியிருப்பது உண்மையா என்பதை அது சொல்லவே சொல்லாது. உடன்படிக்கையே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் பல நேரம் பட்டச் சான்றிதழின் நகலுக்கு ஒரு நோட்டரி கையெழுத்திடுவார். மாநில அரசு அந்த நோட்டரியின் கையெழுத்துக்கு முத்திரையிடும். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் இந்தச் சங்கிலியில் எங்குமே வராமல் போகலாம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்தைய கண்ணிக்கு மட்டும் பொறுப்பு. முதல் கண்ணிக்குப் பொறுப்பாளி யாரும் இல்லை.

சரி, பல்கலைக்கழகத்தையே நேரில் கேட்டால்? ஷின் விஷயத்தில் அதுவும் நடந்தது என்பதுதான் வேடிக்கை. 2005இல் டோங்குக் பல்கலைக்கழகம் யேலுக்கு எழுதிக் கேட்டது. பட்டம் உண்மைதான் என்று யேலிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. 2007இல் விவகாரம் வெடித்தபோது அந்த ஃபேக்ஸே போலி என்றது யேல். பிறகு, அனுப்பியது தாங்கள்தான், நிர்வாகத் தவறு நேர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டது. டோங்குக் அமெரிக்க நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டு 2012இல் தோற்றது. ஓர் அலுவலரின் கவனக்குறைவு போதும், எத்தனை அடுக்குச் சரிபார்ப்பும் வீண். இருந்தும் அந்த விவகாரத்திலிருந்து அரசு நிர்வாகம் எடுத்துக்கொண்ட பாடம், இன்னும் ஓர் அடுக்கு வேண்டும் என்பதுதான்.

அதே அலையில் சிக்கிய இன்னொருவர் கேபிஎஸ் வானொலியில் ஆங்கிலப் பாட நிகழ்ச்சி நடத்தி நாடெங்கும் பேர் வாங்கியவர். இங்கிலாந்தில் பட்டம் பெற்றதாகச் சொல்லிவந்தார். உண்மையில் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. பொய் சொன்னது தவறு, பதவி போனது நியாயம். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் காலையில் எழுந்து அவரிடம் பாடம் கேட்ட நேயர்களுக்குப் பட்டமில்லாத குறை தெரியவில்லையே! பட்டம் எதை அளக்கிறது என்ற கேள்வியை அப்போது யாராவது எழுப்பியிருக்கலாம். ‘ஏதாவதொரு பாடத்தில் இளங்கலை’ என்ற விதி, விலங்கியலோ கணக்கியலோ படித்த ஒருவரை வகுப்பறைக்குள் விடுகிறது. குடிவரவுத் துறைக்கு அது வசதியான வடிகட்டி. அவர் ஒரு பாடத்தை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவார் என்பதைப் பற்றி அதில் ஒரு தகவலும் இல்லை.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் டெஃபல், டெசால் என்ற ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிச் சான்றிதழ்கள் என்பார்கள். கொரிய அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பதற்காக 1995இல் தொடங்கிய எபிக் திட்டம் அப்படியொரு பயிற்சியை எதிர்பார்க்கிறது. ஆங்கிலமோ கல்வியியலோ படித்தவர்களுக்கு விலக்கும் தருகிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் 120 மணி நேரம் என்று அச்சடித்த இரண்டு சான்றிதழ்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவையாக இருக்க முடியும். கேம்பிரிட்ஜின் செல்டா பயிற்சியில் குறைந்தது 6 மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன் நின்று பாடம் நடத்த வேண்டும். பின்னால் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். இணையத்தில் தள்ளுபடி விலையில் கிடைக்கும் 120 மணி நேரங்களில் பலவற்றில் மாணவர் என்று ஒரு ஜீவனே கிடையாது. விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவரின் மேசையில் இரண்டும் ஒரே எடை.

எச்ஐவி சோதனை பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. உல்சான் நகரில் பணியாற்றிய நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் 2009இல் மறுபடியும் சோதனைக்கு உட்பட மறுத்தார், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வழக்கு ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழுவரை போயிற்று. கொரிய ஆசிரியர்களுக்கும் கொரிய வம்சாவளி வெளிநாட்டவருக்கும் இல்லாத சோதனை இவர்களுக்கு மட்டும் எதற்கு என்று 2015இல் குழு கேட்டது. பொதுச் சுகாதாரம் என்ற வாதம் நிற்கவில்லை. 2017இல் கொரியா அந்தச் சோதனையைக் கைவிட்டது. பயத்தில் போட்ட விதியை எடுக்கப் பத்தாண்டு ஆயிற்று.

இனி அந்தக் கடவுச்சீட்டு. இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் வலுவான வாதம் உச்சரிப்பு அல்ல. சியோல் பெற்றோருக்கு அது முக்கியமாகப் படலாம். ஆனால் கிளாஸ்கோ, அலபாமா, ஜோஹானஸ்பர்க் மூன்றையும் ஒரே பட்டியலில் வைத்துவிட்டு உச்சரிப்பைப் பற்றிப் பேசுவது நகைப்புக்கு இடம். வலுவான வாதம் நிர்வாகம் சார்ந்தது. கடவுச்சீட்டைப் பார்த்து முடிவெடுப்பதில் அலுவலருக்கு விருப்பதிகாரம் இல்லை. விருப்பதிகாரம் இல்லாத இடத்தில் தரகருக்கும் கையூட்டுக்கும் வேலை குறைவு. இதை நான் மதிக்கிறேன்.

ஆனால் கொரியாவே அந்தப் பட்டியலை முழுக்க நம்பவில்லை. தென்னாப்பிரிக்கர் என்றால் எபிக் இன்னொரு கடிதம் கேட்கிறது: ஏழாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில் படித்ததற்கான சான்று. ஆக, கேட்கவேண்டிய கேள்வி எதுவென்று அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. அதை எல்லாரிடமும் கேட்பதுதானே முறை? 1987 முதல் பள்ளிகள் அனைத்தும் ஆங்கிலத்தை முதல் மொழியாகக் கொண்ட சிங்கப்பூரில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்திலேயே படித்த தமிழருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

ஜப்பான் இதைத் தெளிவாகவே செய்கிறது. அங்கே பள்ளிகளில் மொழி கற்பிப்போருக்கான ‘பயிற்றுநர்’ விசா, கற்பிக்கப்போகும் மொழியின் வழியே குறைந்தது 12 ஆண்டு கல்வி பெற்றிருக்க வேண்டும் என்கிறது. எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்பதில்லை. இதுவும் காகிதத்தில் காட்டக்கூடியது, அலுவலரின் விருப்பத்துக்கு விடாதது. ஜப்பானியப் பள்ளி முதலாளிகளுக்கு வெள்ளைத் தோல் மோகம் இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் விதியே அந்த மோகத்துக்குத் துணைபோவது வேறு விஷயம்.

முதலில் சொன்ன விதிவிலக்கு இந்தியர்களுக்கானது. இந்திய-கொரியப் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பட்டமும் ஆங்கில ஆசிரியருக்கான தகுதிச் சான்றும் உள்ள இந்தியர் ஈ-2 விசாவில் துணை ஆசிரியராகப் போகலாம். கதவு திறந்ததே என்று மகிழலாம். எவ்வளவு திறந்தது என்றும் பார்க்கலாம். ஒஹாயோவில் விலங்கியல் படித்தவர் பட்டத்தை மட்டும் காட்டித் தனியார் டியூஷன் மையமான ஹாக்வோனில் வகுப்பெடுக்கலாம். திருநெல்வேலியில் ஆங்கில இலக்கியமும் பி.எட்.டும் முடித்து, நாற்பது பிள்ளைகள் முன் நின்று பழகியவர் அதற்கு மேலும் சான்று காட்டி, துணைக்கு நிற்கலாம். உண்மையில் விசாவுக்காகத் தொழிற்பயிற்சி கேட்கப்படுவது பட்டியலுக்கு வெளியே உள்ளவரிடம்தான்!

தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்ற நம்பிக்கையை ஆய்வுலகம் எப்போதோ கேள்விக்குள்ளாக்கிவிட்டது. ராபர்ட் பிலிப்சன் 1992இல் வெளியிட்ட நூலில் அதை ஒரு போலிக் கருத்து என்றார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, இலங்கையரான ஜார்ஜ் பிரெய்ன் இருவரும் 1990களிலேயே அந்த வாதத்தை முன்னெடுத்தவர்கள். இந்தத் துறையின் பெரிய அமைப்பான டெசால் 2006இல் இத்தகைய பாகுபாட்டை எதிர்த்து அறிக்கையே வெளியிட்டது. குடிவரவு அலுவலகங்களுக்கு இது எட்டவில்லை. எட்டினாலும் விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்கும் முதலாளிகளுக்கு எட்டப்போவதில்லை.

இன்னொரு கோணல், சுருக்கமாக. ஆசிரியர் தன் குற்றப் பின்னணிவரை எல்லாவற்றையும் காட்டுகிறார். சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்தவரா, போன ஆண்டு எத்தனை பேர் பாதியில் ஓடினார்கள் என்பதை ஹாக்வோன் முதலாளி ஆசிரியருக்குக் காட்டத் தேவையில்லை. விசா அவர் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை மாற அவர் விடுவிப்புக் கடிதம் தர வேண்டியிருக்கும்.

என் பார்வையில் குற்றப் பின்னணிச் சான்று இருக்கட்டும், முன்னாள் பள்ளிகளின் சொல்லும் அதோடு சேரட்டும். அப்போஸ்டிலும் இருக்கட்டும், அதை ஆசிரியத் தகுதியின் அத்தாட்சி என்று யாரும் நினைக்காதவரை. நாட்டுப் பட்டியலை எடுத்துவிட்டு, படித்த மொழிவழியையும் ஒருவர் நடத்திக்காட்டும் மாதிரிப் பாடத்தையும் அந்த இடத்தில் வைக்க வேண்டும்.

அது நடக்கும்வரை, இங்கிருந்து போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெறும் பட்டமும் இணைய டெஃபல் சான்றிதழும் அப்போஸ்டிலும் இருந்தால் கொரியாவில் ஆங்கில ஆசிரியர் வேலை உறுதி என்று எந்த கன்சல்டன்சியாவது சொன்னால், இந்தியக் கடவுச்சீட்டுக்கு எந்த விசா வகையில், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள்.