மெரெங்கே: ஆடறதுக்கு ஈஸி, அவ்வளவுதானா?

எண்பதுகளில் நியூயார்க்கில், சால்சாவின் கோட்டைக்குள்ளேயே மெரெங்கே எப்படிப் புகுந்தது என்று தேடினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: ஆடறதுக்கு ஈஸி. உண்மைதான். சால்சாவில் எட்டு எண்ணிக்கைக்குள் எங்கே காலை நிறுத்தணும்னு தெரியணும். மெரெங்கேயில் இடது, வலது, கொஞ்சம் இடுப்பு, முடிஞ்சது. கொலம்பியாக்காரரோ போர்ட்டோ ரிக்கோக்காரரோ முதல் பாட்டிலேயே ஆட ஆரம்பிச்சுடலாம்.

எனக்கு இந்தப் பதில் போதவில்லை. 1950களிலும் அதே காலடிதான். ஆங்கெல் விலோரியாவின் குழு அப்பவே நியூயார்க்கில் மெரெங்கே இசைத்தட்டுகள் பதிவு பண்ணியது. எண்பதுகளில் எழுந்த அலை அப்போது ஏன் எழவில்லை?

நடுவில் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். 1930 முதல் டொமினிக்கன் குடியரசை ஆண்ட ட்ருஹியோ, மெரெங்கேயைத் தேசிய இசையாக்கித் தன் புகழையே பாட வைத்தவர். லூயிஸ் அல்பெர்ட்டியின் இசைக்குழுவுக்கே அவர் பெயரை வைத்தார்கள். சாமானியர்களை நாட்டை விட்டு எளிதில் போகவும் விடவில்லை. 1961-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1965-இல் உள்நாட்டுப் போர், அமெரிக்கப் படை. அதுக்கப்புறம் ஜனங்க கிளம்பினாங்க. மன்ஹாட்டனின் வாஷிங்டன் ஹைட்ஸ் நிறைந்தது.

சர்வாதிகாரியின் துதிப்பாட்டு என்று மெரெங்கேயை அவர்கள் தூக்கி எறிந்திருக்கலாம். எறியலை. ஜானி வெஞ்சுரா 1964-இல் 'காம்போ ஷோ' தொடங்கி, பெரிய ஆர்க்கெஸ்ட்ராவைச் சுருக்கி, பாடகர்களையும் ஆடவிட்டு, அதன் அரண்மனை வாசனையைப் போக்கிவிட்டார். (பிறகு சாண்டோ டொமிங்கோ மேயரும் ஆனார், அது வேற கதை.) நியூயார்க்கிலேயே உருவான மில்லி கெசாடாவின் குடும்பக் குழுவின் பெயரில் 'லோஸ் வெசினோஸ்' என்று வரும்: அக்கம்பக்கத்தார். ஆண்களே கோலோச்சிய இசையில் ஒரு பெண் முன்னால் நின்று பாடினார். ஊருக்குத் திரும்பிவரும் ஹுவானிட்டாவைப் பற்றிய அவங்க பாட்டு இன்னைக்கும் கிறிஸ்துமஸ் பாட்டு.

எனக்குப் பிடித்தது ஹுவான் லூயிஸ் கெர்ராவின் 1989 பாட்டு, 'விசா பாரா உன் சுவேனியோ'. கனவுக்கு ஒரு விசா. விடியற்காலையிலேயே விசாவுக்கு வரிசை. அதில் ஒரு தொழிலாளி, ஒரு பாதிரி மாணவர். விசா கிடைக்காதவனுக்குக் கடல். இத்தனை சோகத்துக்கும் தாளம் ஒரு இடத்திலும் வேகம் குறைக்காது. எல்விஸ் கிரெஸ்போவின் 'சுவாவெமென்டே' (1998) இதைவிட உலகம் சுற்றியது. ஆனா அது வெறும் முத்தம் கேட்கிற பாட்டு. காது குளிரும், அப்புறம் மறந்துடும்.

கெர்ராவின் பாட்டுக்கு நியூயார்க்கில் ஆடினவங்களில் பலர் அந்த வரிசையைத் தாண்டி வந்தவங்க. ஈக்வடார்க்காரரும் கொலம்பியாக்காரரும் வேற ஊரில் அதே மாதிரி வரிசையில் நின்னவங்கதான்.