துலக்கக் கூடாத செம்பு

திருவிழாக் கொடியேற்றத்திற்கு முன் பீடத்துச் சிலுவையையும் மெழுகுதிரித் தண்டுகளையும் புளியிட்டுத் துலக்குவது நம் பங்குகளில் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தில் பழகிய கண்ணோடு பி.வி. ஜானகிராமின் (1930–1995) செப்புத்தகட்டுச் சிற்பங்களைக் காண்போமாயின், அவற்றின் கருமை நமக்கு அழுக்காகவே தோன்றும். அது அழுக்கன்று, கலைஞர் தாமே ஏற்றிய நிறம்.

உலோகத்தை உருக்கி வார்க்கும் சோழர்கால மரபினின்று ஜானகிராம் விலகி நின்றார். தகட்டைத் தட்டி உப்பவைத்து, அதன்மேல் கம்பிகளையும் சிறு துண்டுகளையும் பற்றவைத்தார். கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தைப் போல அவை முன்முகம் நோக்கியே அமைந்தவை. கிறிஸ்துவின் திருவுருவைச் சமைத்தபோதும் அவர் கைக்கொண்ட முறை இதுவே. மேட்டில் செம்பின் ஒளி, பள்ளத்தில் கருமை. இம்முரணே அம்முகங்களுக்கு உயிர். துலக்கிவிட்டால் எஞ்சுவது பாத்திரக்கடைப் பளபளப்புத்தான்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் தோன்றிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில், எஸ். பரமசிவன் வெண்கலத் திருமேனிகளை அரிக்கும் பச்சை நோயை மின்பகுப்பு முறையால் நீக்கிக் காட்டினார். மண்ணிலிருந்து மீண்ட திருமேனிக்கு அது அருமருந்து. இத்தகட்டுச் சிற்பங்களுக்கோ அதே மருந்து தீங்கு. நோயின் பசுமையோடு கலைஞர் ஏற்றிய கருமையும் கரைந்தொழியும். மேலும் தகடு மெல்லியது. மூட்டுகளில் வேற்று உலோகம் கலந்திருப்பின், ஈரமும் உப்பும் படிந்த அளவில் அங்கே அரிப்பு விரையும். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று அமைத்த சோழமண்டலம் கலைஞர் சிற்றூரோ கடலோரத்தது! உப்புக்காற்றில் பிறந்த கலை உப்புக்காற்றிலேயே முதுமையும் எய்துகிறது.

நம் கண்ணமங்கலத்துப் பட்டு நெசவாளர்க்கு இது புதிய பாடமன்று. ஜரிகைச் சேலையைப் பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பு மாற்றி வைப்பார்கள். கறுத்த ஜரிகையைத் தேய்த்தால் பொன்முலாம் போய்விடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

செம்பையும் பித்தளையையும் இணைத்துச் சிற்பம் செய்த எஸ். நந்தகோபாலும் 2017-இல் மறைந்தார். எந்தக் கருமை கலைஞர் ஏற்றியது, எது காலம் படியவிட்டது என்று இனி இவ்விருவரையும் கேட்க இயலாது. பெயர், ஆண்டு, செம்பு என்ற அளவில் நின்றுவிடும் பதிவேட்டை நாம் போதுமானதாகக் கொள்ளவில்லை. எந்த அமிலம், எத்தனை முறை, பிறகு மெழுகா, மெருகெண்ணெயா என்பதை, அவர்களோடு பட்டறையில் நின்றவர்கள் இருக்கும்போதே கேட்டெழுதி வைத்தல் வேண்டும்.